பதினான்காம் நாள்

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மயிலாப்பூர் முண்டகக்கண்ணி அம்மன் கோயிலில் கூழ் வாங்கப் போன என் பேத்தி, தூக்குப் பாத்திரத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பாட்டி, செம்பிக்கு முடியெல்லாம் கொட்டிப் போச்சு. காது ரெண்டும் யானைத்தோல் மாதிரி தடிச்சுக் கெடக்கு. எல்லாரும் கல்லெடுத்து விரட்டறாங்க."

செம்பி எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டிக்கு அடியில் படுக்கிற நாய். சித்திரையில் ஐந்து குட்டி போட்டாள். குட்டிகள் பால் குடித்துக் குடித்து அவள் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அதற்கப்புறம் எனக்கு முழங்கால் வலி, தெருமுனைவரை போகவில்லை. இரண்டு மாதத்தில் இப்படி ஆகியிருக்கிறது.

"இஸ்திரி அண்ணா மெக்கானிக் கடையிலேர்ந்து பழைய ஆயில் வாங்கி வெச்சிருக்கார். உடம்பு பூரா ஊத்தினா ஒரே வாரத்துல சரியாயிடுமாம். ஊத்தட்டுமா?"

வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று சொல்லி முடிக்க அன்றைய பகல் போதவில்லை. அவளிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து, அவள் வயதுப் பிள்ளைகள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். எனக்கு 75 வயது. 33 வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள். முடி உதிர்ந்த பிராணிகளிடம் நான் கற்றுக்கொண்டது வகுப்பில் நடத்தியதைவிடக் குறைவில்லை.

முதலில் அந்த ஆயில். இஸ்திரிக்காரர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. தன் மதிய சாப்பாட்டில் பாதியைச் செம்பிக்குப் போடுகிற மனிதர். எஞ்சின் ஆயில் ஊற்றினால் தோலில் இருக்கும் பூச்சியில் கொஞ்சம் மூச்சு முட்டிச் சாகும், பொருக்கு ஊறி உதிரும். பார்க்கிறவர்களுக்குக் குணமானது போலவே இருக்கும். ஆனால் நாய் தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்கிற பிராணி. ஓடித் தேய்ந்த எஞ்சினில் இருந்து வடித்த எண்ணெயில் உலோகக் கசடு இருக்கிறது. அது புண்ணான தோல் வழியாகவும் நாக்கு வழியாகவும் உள்ளே போய் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இரண்டு வாரம் கழித்து நாய் எங்கோ ஒரு கார் அடியில் செத்துக் கிடக்கும். ஊற்றியவருக்கு அது தெரியாது. "அப்புறம் அந்த நாயைப் பார்க்கவே இல்லை, சரியாகிப் போயிருக்கும்" என்று நினைத்துக்கொள்வார். இந்த மருந்து தலைமுறை தலைமுறையாக நிலைத்திருப்பதற்குக் காரணமே, ஊற்றிய யாரும் திரும்பிப் போய்ப் பார்க்காததுதான்.

இன்னொன்றும் சொல்வார்கள்: இனிப்பு போட்டதால் சொறி பிடித்தது என்று. வெல்லமும் பிஸ்கட்டும் நாய்க்கு ஆகாதுதான். ஆனால் சர்க்கரையிலிருந்து சொறிப்பூச்சி பிறப்பதில்லை.

திங்கட்கிழமை காலை செம்பியை அடையாறு பக்கம் ஒரு பிராணி மருத்துவரிடம் கொண்டுபோனோம். இரண்டு ஆட்டோ, நாயைப் பார்த்ததும் நகர்ந்துவிட்டது. மூன்றாவது ஆட்டோக்காரத் தம்பி தானே பின்னால் போய் ஒரு சாக்கை எடுத்து வந்து விரித்தார். "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கும்மா" என்றார்.

அந்த டாக்டர் பெண் என் பேத்தியைவிட ஆறேழு வயதுதான் பெரியவள். கையுறை போட்டுக்கொண்டு செம்பியின் காது ஓரத்தைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் மெல்லத் தேய்த்தாள். உடனே செம்பியின் பின்னங்கால், யாரோ கயிறு கட்டி இழுத்தது போல, காற்றிலேயே சொறிய ஆரம்பித்தது. விரலை எடுத்தால் கால் நின்றது, வைத்தால் மறுபடி ஆடியது. "பாத்தீங்களா அம்மா? இது பெரும்பாலும் தொற்றுச் சொறிதான்" என்றாள். பிறகு ஒரு பிளேடில் எண்ணெய் தொட்டு, முழங்கை மடிப்பில் தோலை லேசாக ரத்தம் கசியும்வரை சுரண்டி, அதைக் கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் வைத்தாள். எங்களையும் பார்க்கச் சொன்னாள்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு இவ்வளவு உருவமா! உருண்டையாக, ஆமை போல, குட்டைக் கால்களோடு ஒன்று மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. நிஜத்தில் அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. பக்கத்தில் நீள்வட்டமாக இரண்டு முட்டை. பெண் பூச்சி தோலுக்குள் சுரங்கம் குடைந்துகொண்டே போய், போகிற வழியில் முட்டையிடும். முட்டை சில நாளில் பொரிந்து, இரண்டு மூன்று வாரத்துக்குள் அந்தக் குஞ்சும் முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிடும். பூச்சி கடிப்பதைவிட, பூச்சியும் அதன் கழிவும் உடம்புக்கு ஒவ்வாமல் போவதால்தான் அந்த அரிப்பு. தூக்கமே வராத அரிப்பு. முடி தானாகக் கொட்டவில்லை. அரிப்புத் தாங்காமல் அவளே சொறிந்து கடித்துப் பிய்த்துவிட்டாள்.

டாக்டர் பெண் இன்னொன்றும் சொன்னாள். முடிக்குழிக்குள்ளேயே வாழும் வேறொரு பூச்சி உண்டு, சுருட்டு போல நீளமானது. தாய் பால் கொடுக்கிற முதல் சில நாளில் குட்டிக்கு ஒட்டிக்கொள்ளும். ஏறக்குறைய எல்லா நாயிடமும் இருக்கும், ஒன்றும் செய்யாது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறையும்போதுதான் பெருகி, கண்ணைச் சுற்றி வட்ட வட்டமாக முடி கொட்டும். அது மற்ற நாய்க்கும் தொற்றாது, நமக்கும் தொற்றாது. பல குட்டிகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். செம்பிக்கு இருப்பது தொற்றும். தொட்டவர் கையில் சிவப்புச் சிவப்பாகத் தடிக்கும். ஆனால் மனிதத் தோலில் அந்தப் பூச்சி நிலைத்துக் குடும்பம் நடத்தாது, நாய் குணமானால் நமக்கும் போய்விடும். இவை தவிரப் படர்தாமரை, உண்ணி, தைராய்டு என்று வேறு காரணங்களும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வழுக்கை. தெருவில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: சொறிநாய். ஒரே மருந்து: கல்.

அன்றைக்கு ஊசி போட்டு, "பதினாலாம் நாள் மறுபடி கூட்டிட்டு வரணும்" என்றாள். இந்த ஊசி பூச்சியைக் கொல்லும், முட்டையைத் தொடாது. இன்றைக்கு முட்டையாக இருப்பது அதற்குள் பூச்சியாகியிருக்கும். அது அடுத்த முட்டையிடும் முன் இரண்டாவது ஊசி போக வேண்டும். எவ்வளவு மருந்து என்பது நாயின் எடையைப் பொறுத்தது. சாதி நாய்களில் கோலி போன்ற சிலவற்றுக்கு இதே மருந்து அளவு மீறினால் உயிரையே எடுத்துவிடும். அதனால் யாரோ சொன்னதைக் கேட்டு மருந்துக்கடையில் வாங்கிச் சோற்றில் கலந்துவிடாதீர்கள். இப்போது மாதத்துக்கு ஒன்று கொடுக்கிற மாத்திரைகளும் வந்திருக்கின்றன. அதையும் டாக்டரைக் கேட்டே கொடுங்கள்.

பதினாலாம் நாள் என்ற அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு உள்ளே ஏதோ இழுத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பேத்தி மொட்டை மாடியிலிருந்து கூப்பிட்டாள். பக்கத்து மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு காக்கை, கழுத்தெல்லாம் இறகு போய்ச் சாம்பல் தோல் தெரிய உட்கார்ந்திருந்தது. கீழே முருங்கை மரத்தில் ஒரு மைனா, தலை முழுக்க மஞ்சள் வழுக்கை. "பாட்டி, இதுங்களுக்கும் சொறியா? டாக்டரைக் கூப்பிடட்டுமா?"

காக்கைக்கு ஒன்றுமில்லை. கோடையில் கூடு கட்டி, குஞ்சு பொரித்து, அதோடு குயில் குஞ்சையும் சேர்த்து வளர்த்து முடித்த பிறகு பழைய இறகை உதிர்க்கும். இறகு முழுக்கப் புரதத்தால் ஆனது, உடம்புக்குப் பெரிய செலவு. குஞ்சு வளர்க்கிற காலத்தில் அந்தச் செலவைக் காக்கை வைத்துக்கொள்ளாது. பேத்தியின் அப்பாவுக்கு இதைச் சொன்னேன். வீட்டுக்கடன் தவணை ஓடும்போதே கார் வாங்க நினைத்துக்கொண்டிருந்தான். சிறகு இறகைக் காக்கை மொத்தமாகவும் உதிர்க்காது. இடப்பக்கம் ஒன்று விழுந்தால் வலப்பக்கம் அதே இடத்தில் ஒன்று விழும். அந்த இடத்தில் புதிது முளைத்த பிறகே அடுத்த ஜோடி. அதனால் ஒரு நாள்கூடப் பறக்காமல் கிடப்பதில்லை. மைனாவின் தலையில் சில சமயம் பேனும் சேர்ந்துகொள்ளும், ஆனாலும் பெரும்பாலும் மறுபடி முளைத்துவிடும். புரட்டாசி மகாளய அமாவாசைக்கு நாம் சோறு வைக்கும்போது அதே காக்கை பெரும்பாலும் புதுக் கறுப்பில் வந்து உட்காரும்.

ஆகவே பிள்ளைகளே, முடியோ இறகோ போன பிராணியைக் கண்டதும் ஓடுவதற்கு முன் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். சொறிகிறதா? தோல் தடித்திருக்கிறதா, அல்லது சுத்தமாக இருக்கிறதா? எந்த இடத்தில் போயிருக்கிறது, எந்த இடத்தில் போகவில்லை? இந்தக் கடைசிக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பள்ளிக்கூடம் பார்க்காத ஒரு பெண்மணி.

1958 அல்லது 59 என்று நினைவு. சித்திரக்குளம் பக்கத்தில் எங்கள் வீடு. நடுவில் முற்றம், முற்றத்துத் தூணில் ஒரு கம்பிக்கூண்டு, அதில் ஒரு பச்சைக்கிளி. அக்காமார் இருவரும் அதோடு பேசிப் பேசி 'யாரது' என்று கேட்கப் பழக்கியிருந்தார்கள். ஒரே வருஷத்தில் இருவருக்கும் கல்யாணமாகி ஒருத்தி தஞ்சாவூருக்கும் ஒருத்தி பம்பாய்க்கும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு கிளி தன் மார்பு இறகை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தது. காலையில் கூண்டுக்கு அடியில் பச்சைத் துகள்கள் கிடக்கும். மார்பு, வயிறு, தொடை எல்லாம் கோழித்தோல் போல ஆனது. சித்தப்பா வேப்பெண்ணெய் தடவினார். மஞ்சள் தடவினார். மிளகாயை நிறுத்தினார். கொஞ்சமும் மாறவில்லை.

என் பாட்டி அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில்தான் ஜபமாலையோடு உட்கார்ந்திருப்பாள். பத்தொன்பது வயதில் கணவரை இழந்தவள். அந்தக் கால வழக்கப்படி தலையை மழித்து, நார்மடிப் புடவையை முக்காடிட்டு, ஐம்பது வருஷம் அந்த வீட்டின் பின்கட்டில் வாழ்ந்தவள். முழு முடியோடு நாங்கள் யாரும் அவளைப் பார்த்ததே இல்லை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாள். "இங்க வாடி. தலையைப் பாரு" என்றாள். பார்த்தேன். கிளியின் தலையிலும் கழுத்திலும் ஒரு இறகுகூடக் குறையாமல் பளபளவென்று இருந்தது. "வியாதின்னா தலையிலயும் வரணுமோன்னோ? மூக்கு எட்டற எடத்துல மட்டும் எறகு இல்ல. அதுவேதான் பிடுங்கிக்கறது. பேசறதுக்கு ஆள் இல்லேன்னா என்ன பண்ணும்?"

எத்தனையோ வருஷம் கழித்துப் பறவை வைத்தியம் பற்றிப் படித்தபோது, மருத்துவர்களும் முதலில் பார்ப்பது இதைத்தான் என்று தெரிந்தது. கூண்டுக்கிளி தன்னைத்தானே இறகு பிடுங்கினால் அலகு எட்டாத தலை மட்டும் முழுசாக இருக்கும். சத்துக்குறைவோ நோயோகூடக் காரணமாகலாம். ஆனால் கூட்டமாக வாழப் பிறந்த பறவையைத் தனியாக அடைத்து வைப்பது பெரிய காரணம். பிடுங்கிய இடத்தில் சில வாரத்தில் புது இறகு வரும், மறுபடி பிடுங்கும். திரும்பத் திரும்பப் பிடுங்கினால் இறகுக்குழியே செத்து, அங்கே பிறகு எதுவும் முளைக்காது.

கூண்டைத் திறந்துவிடலாமே என்றேன். சித்தப்பா மாதாமாதம் கத்தரிக்கோலால் சிறகை வெட்டிவிடுவார், திறந்தாலும் பறக்க முடியாது என்றாள் பாட்டி. வெட்டிய இறகுக்கும் பிடுங்கிய இறகுக்கும் வித்தியாசம் இருக்கிறது, கேளுங்கள். பிடுங்கினால் உடனே முளைக்கும். வெட்டினால் அந்த அடிக்கட்டை குழிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்; அடுத்த இறகுதிர் காலத்தில் அது தானாக விழுந்தால்தான் புதியது வரும். பாட்டிக்கு இதெல்லாம் யார் சொன்னார்களோ தெரியாது. வீட்டுக் கத்தரிக்கோல் காணாமல் போனது. சித்தப்பா தேடினார், புதிதாக ஒன்று வாங்கினார், அதுவும் காணாமல் போனது. மழைக்காலம் வந்து போனது. கிளியின் சிறகில் பழைய அடிக்கட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்து, மெழுகுக் குச்சி போல உறை போட்ட புது இறகுகள் வந்தன. மார்கழியில் ஒரு விடியற்காலை, கூண்டுக் கதவு திறந்திருந்தது. வீட்டில் யாரும் யாரையும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கோயில் பக்கமிருந்து கிளிக்கூட்டம் கத்திக்கொண்டு போகும்போதெல்லாம் பாட்டி ஜபத்தை நிறுத்திவிட்டு முற்றத்து வானத்தை அண்ணாந்து பார்ப்பாள். முக்காடு நழுவும். இழுத்து விட்டுக்கொள்ள மாட்டாள்.

பாட்டி செய்ததை நீங்கள் இன்று செய்யக் கூடாது. வெகுநாள் அடைபட்ட கிளிக்கு இரை தேடத் தெரியாது, பருந்துக்குப் பயப்படத் தெரியாது. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதே குற்றம். எங்காவது கண்டால் வனத்துறையிடம் சொல்லுங்கள். சிறகு முளைக்கும்வரை வைத்திருந்து பழக்கி விடுவார்கள். கிளியோடு சிநேகம் வேண்டுமென்றால் அதற்கும் நம் ஊரில் வழி காட்டியவர் உண்டு. ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்த்துவந்த சேகர், மொட்டை மாடியில் பலகை போட்டு ஊறவைத்த அரிசி வைத்தார். ஆயிரக்கணக்கில் கிளிகள் வந்து தின்றுவிட்டுப் பறந்து போயின. கூண்டு எதுவும் இல்லை.

நான் நடத்திய பாடம் ஒன்றை இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். வள்ளுவர் மயிலாப்பூர்க்காரர் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை; இங்கே அவருக்குக் கோயிலே இருக்கிறது. மானம் என்ற 97-ஆவது அதிகாரத்தில், மயிர் நீங்கினால் உயிர் வாழாத கவரிமாவை உவமை சொல்கிறார். 33 வருஷம் அதைக் கவரிமான் என்று மான் இனமாகவே நடத்தினேன். கவரிமா என்பது இமயமலைப் பக்கத்துச் சடைமாடு. அதன் வால்மயிரில்தான் சாமிக்கு வீசுகிற வெண்சாமரம் செய்வார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு லடாக் போய்வந்த ஒரு பழைய மாணவி சொன்னாள்: "டீச்சர், அங்க கோடை ஆரம்பத்துல அந்த மாட்டோட உள்மயிர் தானா உதிருது. மேய்க்கறவங்க சீப்பு வெச்சு வாரி எடுத்துக் கம்பளி நெய்யறாங்க. மாடு பாட்டுக்குப் புல்லு தின்னுக்கிட்டு நிக்குது." எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. வள்ளுவர் மானத்தைச் சொல்ல வந்தார், அந்தக் காலத்து நம்பிக்கையை உவமையாக எடுத்தார், அதில் குறையில்லை. குறை என்னிடம். முடி போனால் மானம் போயிற்று என்று அத்தனை பிள்ளைகள் மனதிலும் பதியும்படி நடத்திவிட்டேன். என் வகுப்பில் புழுவெட்டு விழுந்து கைக்குட்டை கட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் இருந்தாள். அந்தக் குறளை நடத்திய நாளில் அவள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. மயிர் என்பது எவ்வளவு பழைய, நல்ல சொல். அதையும் நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம்.

இந்த ஊருக்கே மயிலால்தான் பெயர். அம்பாள் மயிலாகப் புன்னை மரத்தடியில் சிவனைப் பூசித்த தலம். அந்த மயிலைப் பாருங்கள். ஆண்மயிலின் தோகை வாலே இல்லை. வாலுக்கு மேல் முளைக்கும் இறகு. அசல் வால் அதற்கு அடியில் குட்டையாக நின்று தோகையைத் தாங்கிக்கொண்டிருக்கும். கூடும் பருவம் முடிந்ததும் சுமார் 150 தோகை இறகும் உதிர்ந்துவிடும். அப்போது அது புதர் ஓரமாகச் சத்தமில்லாமல் மேயும். தேசியப் பறவையாக 1963-ல் அறிவித்த அந்த மயிலை அந்த மாதங்களில் பார்த்தால் பலருக்கு அடையாளம் தெரியாது. அடுத்த பருவத்துக்குள் மொத்தமும் மறுபடி வளர்ந்துவிடும். பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவத்தின்போது மாட வீதியில் மயிலிறகுக் கட்டு விற்றால் கையில் எடுத்து அடிக்குழலைப் பாருங்கள். தானாக உதிர்ந்த இறகின் அடி காய்ந்து சுத்தமாக இருக்கும். உயிரோடு பிடுங்கியதில் ரத்தத்தின் சுவடு இருக்கும். உதிர்ந்ததை விற்க இங்கே தடையில்லை. பிடுங்குவது பெரிய குற்றம்.

நம் பகுதிக்குப் பிராணிகளைக் காப்பதில் ஒரு நல்ல பெயர் உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தை 1936-ல் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல்தான் மாநிலங்களவையில் பிராணிகளுக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர். அதன் பலனாக 1960-ல் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். தியாசாபிகல் சொசைட்டி வளாகத்தில் பெசன்ட் நினைவுப் பிராணி மருந்தகம் இருக்கிறது. விமானியாக இருந்த கேப்டன் சுந்தரம், தி.நகரில் மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை வீட்டுக்குத் தூக்கிப் போனதில் தொடங்கியதுதான் 1959-ல் புளூ கிராஸ். நாயைக் கொல்லாமல் கருத்தடை செய்து விடுங்கள் என்று அவர்கள் 1964-லிருந்து சொல்லி வந்ததை மாநகராட்சி 1996-ல் ஏற்றுக்கொண்டது. 2024-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பில் சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். எல்லாவற்றுக்கும் நீங்கள் பொறுப்பேற்க முடியாது. உங்கள் தெருமுனையில் இருப்பது ஒன்றோ இரண்டோதான்.

இனி, கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது.

1994. அப்போது மந்தைவெளியில் இருந்தோம். எங்கள் வாசலில் மணி என்று ஒரு கறுப்பு நாய். இதே சொறி. கூச்சத்தை விட்டு, பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, சைக்கிள் ரிக்ஷாவில் வைத்துக் கொண்டுபோய் ஊசி போட்டேன். பத்தே நாளில் சொறிவது நின்றது. முதுகில் எலிக்குட்டி முடி போலக் கறுப்பாக முளைத்தது. தெருவே என்னைப் பாராட்டியது. நானும் என்னைப் பாராட்டிக்கொண்டேன். இரண்டாவது ஊசிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் பெரிய பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். பார்க்கத்தான் நன்றாகிவிட்டானே, அடுத்த வாரம் போகலாம் என்று விட்டேன். அடுத்த வாரம் ஜவுளிக்குத் தி.நகர் போனோம். ஒன்றரை மாதம் கழித்துப் பார்த்தபோது முன்னைவிட மோசமாக, கண் திறக்க முடியாமல் முகமெல்லாம் பொருக்குத் தட்டி நின்றான். என்னைக் கண்டதும் வாலை ஆட்டினான். மறுநாள் ரிக்ஷாவோடு போனேன். இல்லை. மந்தைவெளி, சீனிவாசபுரம், பட்டினப்பாக்கம் கடற்கரை வரை தேடினேன். கிடைக்கவில்லை.

முதல் நாள் போகிறவர்கள் நிறையப் பேர். அதற்குப் பின் போகிறவர்கள் குறைவு. இதை எனக்கு மறுபடியும் காட்டியது என் சிநேகிதி வீடு. அவள் கணவர் தவறிய அன்று வாசல் கொள்ளாத கூட்டம். பத்தாம் நாள் கூட்டம். பதின்மூன்றாம் நாள் சுபம், சாப்பாடு, வெற்றிலைப் பாக்கு. அன்று சாயங்காலம் எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். நானும்தான் கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்தபோது மணியின் ஞாபகம் வந்தது. மறுநாள் காலை ஒரு பாத்திரத்தில் மிளகு ரசம் எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவள் தலை வாரியிருக்கவில்லை. இரண்டு பேர் உட்காரும் மேஜையில் ஒரு தட்டு. "இன்னிக்கு யாரும் வரமாட்டான்னு நெனச்சேன்" என்றாள். ஒன்றும் பேசவில்லை, ரசத்தைச் சுடவைத்துச் சாப்பிட்டோம். அதன் பிறகு எந்த வீட்டுக்கும் பதினாலாம் நாள் போவதை வழக்கமாக வைத்திருக்கிறேன். தேர்வில் தோற்ற பிள்ளை வீட்டுக்கும் அப்படித்தான். முதல் நாள் எல்லோரும் சொல்வதை நானும் சொல்லி அவனைக் களைப்படைய வைக்க மாட்டேன். இரண்டு வாரம் போகட்டும் என்று காத்திருந்து போவேன்.

செம்பியின் பதினாலாம் நாள் ஒரு திங்கட்கிழமை. பேத்திக்கு அன்று கல்லூரியில் உள்தேர்வு. நானே கூட்டிப் போகலாம் என்று முந்தின இரவே முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தேன். காலை ஆறு மணிக்கு எழுந்து பார்த்தால் அவள் படுக்கையில் இல்லை. குளிர்சாதனப் பெட்டியில் தயிர் கிண்ணமும் இல்லை.

மெதுவாகத் தெருமுனைக்கு நடந்தேன். இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் அந்த ஆட்டோ நின்றிருந்தது, அதே சாக்கு விரித்தபடி. இஸ்திரிக்காரர் செம்பியின் இடுப்பை அணைத்துப் பிடித்திருந்தார். பேத்தி தயிர்சோற்றை விரலால் ஊட்டிக்கொண்டிருந்தாள். மடியில் பொருளாதாரப் புத்தகம் திறந்தபடி கிடந்தது.

"பாட்டி, இங்க பாருங்க" என்று செம்பியின் காதைத் திருப்பிக் காட்டினாள். பொருக்கு விழுந்த இடத்தில், ஓரம் முழுக்க, எறும்புக் கால் நீளத்துக்குச் செம்பட்டை மயிர். காலை வெயில் அதன் வழியாகத் தெரிந்தது. காது ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தேன். பின்னங்கால் ஒருமுறை லேசாகத் துடித்தது. முழுசாக நிற்கவில்லை இன்னும். ஆட்டோக்காரத் தம்பி, "ஏத்தலாமா அம்மா?" என்றார்.